இடது பெட்டிக்காரர்கள்

புதுச்சேரியில் செலின் மதாமைத் தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. தெரிந்தவர்கள் மட்டும் அரைகுறையாகத் தெரிந்தவர்களாக இருக்க மாட்டார்கள். ஒன்று, அவருடைய வாசிப்புக்குப் பைத்தியமாக இருப்பார்கள். இல்லையென்றால் அப்படியொரு பைத்தியத்தைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துபவர்களாக இருப்பார்கள்.

மதாம் என்பது அந்த ஊரில் மரியாதைச் சொல். செலின் மதாம் ஒரு ஜாஸ் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவர். நான்கே நான்கு தடித்த கம்பிகள், அவற்றோடு ஐம்பது வருட வாழ்க்கை. அவர் ஒரு கம்பியைத் தட்டினால் முதலில் தரைக்குத் தெரியும், பிறகு நாற்காலிக்கு, அதற்குப் பிறகுதான் காதுக்கு.

பேஸ் வாசிப்பவரைப் பொதுவாக யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாடுபவருக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். செலின் மதாம் விஷயத்தில் எல்லாம் தலைகீழாக நடந்தது. அவருக்கு ஒரு ரசிகர் மன்றமே இருந்தது. ஏறக்குறைய நாற்பது பேர். ஊர் அவர்களுக்கு வைத்த பெயர் இடது பெட்டிக்காரர்கள். பெயரைக் கேட்டுவிட்டு, இது எந்தக் கட்சி என்று ஒரு போலீஸ்காரர் வந்து விசாரித்ததும் உண்டு.

விஷயம் இதுதான். மதாமின் குழு வெளியிட்டது ஒரே ஓர் இசைத்தட்டு. அதில் ஒரே ஒரு நீளப் பாட்டு, ‘உப்புக் காற்று’. அதைப் பதிவு செய்தவர் பேஸ் முழுவதும் இடது ஸ்பீக்கரிலும், பியானோவும் பாட்டும் வலது ஸ்பீக்கரிலும் விழும்படி செய்திருந்தார். டிரம்ஸும் வலதில்தான். மன்றச் செயலாளர் வேங்கடபதியின் வீட்டில் ஒருநாள் வலது பெட்டி பழுதாகி வாயை மூடிக்கொண்டது. இடது பெட்டி மட்டும் ஒலித்தது. வேங்கடபதி போட்டது போட்டபடி உட்கார்ந்துவிட்டார். பியானோ இல்லை, பாட்டு இல்லை, குறுக்கே யாரும் இல்லை. மதாம் மட்டும்!

மறுநாளே மன்றம் கூடியது. ஒருவர் விடாமல் வீட்டுக்குப் போய் வலது பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார்கள். நாளடைவில் அது சடங்காகவே ஆகிவிட்டது. புதிதாகச் சேருகிறவர் வலது பெட்டியைக் கழற்றிய பிறகுதான் உறுப்பினர்.

அந்த நாற்பது பேரில் முற்றிப்போன ஆள் பல் டாக்டர் கலியபெருமாள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வந்தவரை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, மதாமின் வாசிப்பைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். வாயைத் திறந்து வைத்திருப்பவரால் மறுத்துப் பேச முடியாது. அதனால் தன்னிடம் வருகிறவர்கள் எல்லோருமே மதாமின் ரசிகர்கள் என்று டாக்டர் நம்பிக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் கேட்பதோடு நின்றுகொண்டார்கள். கலியபெருமாளுக்கு அது போதவில்லை. ஒருநாள் ஒரு பேஸ் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வைசியாள் வீதியில் இருந்த மதாமின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“எனக்குக் கத்துக் குடுங்க மதாம்.”

மதாம் அவருடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “பல்லுப் பிடுங்குற கையாச்சே டாக்டர். பார்த்து, என் கம்பியையும் பிடுங்கிடாதீங்க,” என்று சிரித்தார். பிறகு, “உள்ள வாங்க,” என்றார்.

அப்படித்தான் அவர் சீடரானார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வகுப்பு. வருடங்கள் ஓடின. ‘உப்புக் காற்று’ தட்டில் மதாம் வாசித்த ஒவ்வொரு சுரமும் அவர் விரலுக்கு வந்துவிட்டது.

அந்தப் பாட்டில் மன்றத்தார் கும்பிடுகிற இடங்கள் மூன்று. முதலாவது இறக்கம். கம்பியின் உச்சியிலிருந்து அடிமட்டம் வரைக்கும் மதாமின் விரல் ஒரே இழுப்பில் வழுக்கிக்கொண்டு வரும். அது கடல் உள்வாங்குவதைக் காட்டுகிறது என்பது மன்றத்தின் முடிவு. இரண்டாவது மௌனம். பாட்டின் நடுவில் மதாம் திடீரென்று வாசிப்பதை நிறுத்திவிடுவார். அதைப் பற்றி வேங்கடபதி ஒரு நீண்ட கட்டுரை எழுதி, மன்றத்தின் ஆண்டு மலரில் போட்டு, எல்லோருக்கும் கொடுத்தார். மூன்றாவது ஒற்றைத் தட்டு. ஒரே சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டே இருப்பார். அது வைராக்கியமா, சரணாகதியா என்று இரண்டு உறுப்பினர்களுக்குள் வாக்குவாதம் முற்றி, ஒரு மழைக்காலம் முழுவதும் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

அவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மழையோ புயலோ, மதாம் எங்கே வாசித்தாலும் அந்த நாற்பது பேரும் அங்கே இருந்தார்கள். இப்படி நேசிக்கப்படுகிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்த்துவிடாது.

மதாம் வாசிக்க வந்து ஐம்பது வருடம் ஆனதை மன்றத்தார் விழாவாக எடுக்க முடிவு செய்தார்கள். சேதி சொல்லப் போனபோது மதாம் அவர்கள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார்.

“விழாவுல நான் வாசிக்கல. இனிமே மேடையும் ஏறப் போறதில்ல.”

வேங்கடபதி ஒரு நாற்காலியை இழுத்து மதாம் பக்கம் போட்டார். “உடம்புக்கு ஏதாவதா மதாம்?”

“உடம்பு நல்லாத்தான் இருக்குது. இத்தனை வருஷம் மேல நின்னாச்சு. எங்க குழுவைக் கீழ உக்காந்து ஒருநாளாவது கேக்கணும்னு ஆசையா இருக்குது.”

“அப்ப உங்க இடத்துல யாரு நிக்கிறது?”

“யாராவது கிடைப்பாங்க.”

வெளியே வந்ததும் நாற்பது பேருக்கும் ஒரே எண்ணம்தான். “யாராவது என்ன யாராவது! நம்ம டாக்டர் இருக்காரே,” என்றார் வேங்கடபதி. எல்லோரும் கலியபெருமாளின் முதுகில் தட்டினார்கள். தட்டிய தட்டில் அவருக்கு மூக்குக் கண்ணாடி நழுவியது.

அன்றிலிருந்து கலியபெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை. வாழ்க்கையில் வேறு எதற்கும் அவர் இப்படி ஆசைப்பட்டதில்லை. அந்த இடத்தில் நிற்க வேண்டும். மதாம் நின்ற அதே இடத்தில், இடது ஓரத்தில். “நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட எனக்கு இப்படிப் படபடப்பு இல்ல,” என்று மனைவி மங்கையர்க்கரசியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றைய காபியில் சர்க்கரை மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மதாமே டாக்டர் வீட்டுக்கு வந்தார். “வாசிங்க, கேக்கலாம்,” என்றார்.

கலியபெருமாள் பேஸை மாட்டிக்கொண்டு ‘உப்புக் காற்று’ முழுவதையும் வாசித்தார். இறக்கம் இறங்கியது. மௌனம் மௌனமாக இருந்தது. ஒற்றைத் தட்டு தட்டுப்பட வேண்டிய அளவுக்குத் தட்டுப்பட்டது. முடித்தபோது சட்டை நனைந்திருந்தது.

“எப்படி மதாம்?”

“ஒண்ணுகூட விடல டாக்டர். நான்கூட இவ்வளவு சுத்தமா வாசிச்சிருக்க மாட்டேன்.”

“அப்ப, உங்க இடத்துல நான் நிக்கலாமா?”

மதாம் காபியை ஆற்றிக் கொஞ்சம் குடித்தார்.

“இந்தப் பாட்டுல பிளான்ஷ் எந்த இடத்துல மூச்சு வாங்குறா?”

பிளான்ஷ் அந்தத் தட்டில் பாடியவர். இப்போது பிரான்சில் பேரன் பேத்திகளோடு இருக்கிறார். கலியபெருமாள் யோசித்துப் பார்த்தார்.

“தெரியல மதாம்.”

“ரெனே எந்தக் கையால ஆரம்பிக்கிறாரு?”

ரெனே பியானோக்காரர். மதாமோடு முதல் நாளிலிருந்து இருப்பவர். கலியபெருமாள் தலையைச் சொறிந்தார்.

“சரி, அருளப்பன் எந்த இடத்துல கோட்டை விடுறாரு?”

அருளப்பன் டிரம்ஸ் வாசிப்பவர். “கோட்டை விடுறாரா? நம்ம தட்டுலயா?” கலியபெருமாள் பேஸைக் கழற்றிக் கீழே வைத்தார்.

மதாம் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு நாற்காலி. அதற்கு எதிரே ஒரே ஒரு ஸ்பீக்கர் பெட்டி.

“வலது பெட்டி எங்க டாக்டர்?”

கலியபெருமாளுக்கு முகம் சிவந்தது. அது கீழே கிளினிக்கில் இருந்தது. காத்திருப்பவர்கள் படிப்பதற்காகப் பழைய வாரப் பத்திரிகைகளை அதன் மேல்தான் அடுக்கி வைத்திருந்தார்.

“கொண்டு வாங்க.”

தூசி தட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். மதாம் தரையில் உட்கார்ந்து தன் கையாலேயே இடது பெட்டியின் ஒயரைக் கழற்றினார். இத்தனை நாள் சும்மா கிடந்த வலது ஒயரை எடுத்து வலது பெட்டியில் மாட்டினார்.

“மதாம், நீங்களே அதைக் கழட்டலாமா?” என்று பதறினார் கலியபெருமாள்.

“போடுங்க தட்டை.”

ஊசி இறங்கியது. கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு, முன்பின் தெரியாத வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்குகிற விருந்தாளியைப் போல ஒரு பியானோ உள்ளே வந்தது. இடது கையால்தான் ஆரம்பித்தது. கலியபெருமாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாணவனாக இருந்த காலத்தில் முதன்முதலாகக் கேட்டபோது காதில் விழுந்திருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ வருடமாக இந்தப் பியானோ இந்த வீட்டுக்குள் வரவே இல்லை.

பிளான்ஷ் பாட ஆரம்பித்தார். நல்ல குரல். அடுக்களையிலிருந்து மங்கையர்க்கரசி கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“அட, இதுல பாட்டுகூட இருக்குதா? இவ்வளவு நாளா வெறும் தடதடதானே கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

மதாம் அவருக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இரண்டாவது அடியில் பிளான்ஷ் சுருதியைத் தவறாக எடுத்தார். எடுக்க வேண்டியது மேலே. எடுத்ததோ ரொம்பக் கீழே. கேட்ட கலியபெருமாளுக்கே உடம்பு கூசியது. ஆனால் அவருடைய இடது கை, அவரைக் கேட்காமலேயே, முழங்காலின் மேல் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. இறக்கம்! சரியாக இந்த இடத்தில்தான் இறக்கம் வருகிறது.

“மதாம், அவங்க தப்பா எடுத்துட்டாங்க!”

“ஆமா. அன்னைக்கு அவளுக்கு நல்ல ஜுரம்.”

“அப்ப நீங்க இறங்கினது?”

“அவ எங்க நின்னாளோ அங்க போனேன். புள்ளைய அங்க தனியா நிக்க விட்டுட்டு வர முடியுமா?”

கலியபெருமாள் மனதுக்குள் இரண்டு பெட்டியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். மதாம் கீழே இறங்கியதும் பிளான்ஷின் தவறு தவறாகவே தெரியவில்லை. வேண்டுமென்றே அங்கே போனதுபோல இருந்தது.

பாட்டு ஓடியது. மௌனம் வரும் இடம் நெருங்கியது. பியானோவில் ரெனே ஒரு சின்னத் துணுக்கை வாசித்தார். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அழகாக இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ தனக்குத் தானே பாடிக்கொள்வதைச் சுவரில் காது வைத்துக் கேட்பதுபோல மூன்று பேரும் மூச்சு விடாமல் கேட்டார்கள்.

“இங்க நீங்க ஏன் நிறுத்தினீங்கன்னுதான் வேங்கடபதி அவ்வளவு பெரிய கட்டுரை எழுதியிருக்காரு,” என்றார் கலியபெருமாள், ரகசியம் பேசுகிற குரலில்.

“ரெனே நல்லா வாசிச்சாரு. கேக்கணும்னு தோணுச்சு. கை நின்னுடுச்சு.”

அதற்கப்புறம் அருளப்பன் தாளக் கணக்கை விட்டார். டிரம்ஸ் தடுமாறி, முன்னால் ஓடி, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் முழித்தது. கலியபெருமாளின் விரல் முழங்காலில் தானாகவே தட்ட ஆரம்பித்தது. ஒரே இடத்தில், ஒரே அளவில். தட்டத் தட்ட டிரம்ஸ் மெல்ல வழிக்கு வந்தது.

“திருவிழாக் கூட்டத்துல கையை விட்டுட்டா என்ன பண்ணுவோம்? நின்ன இடத்துலயே நின்னு கூப்பிடுவோம் இல்ல? அவ்வளவுதான்,” என்றார் மதாம்.

தட்டு முடிந்தது. கலியபெருமாள் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார்.

“மதாம், இந்தப் பாட்டை நான் கேட்டதே இல்ல!”

“எனக்கும் இடது பெட்டியில என்ன இருக்குதுன்னு சரியாத் தெரியாது டாக்டர். வாசிச்ச நேரமெல்லாம் நான் இந்தப் பக்கந்தான் இருந்தேன்.”

“இதை ஏன் மன்றத்துல சொல்லாம விட்டீங்க?”

“சொல்லாம என்ன? முதல் ஆண்டு விழாவுலயே சொன்னேன். ‘எல்லாம் ரெனேவும் பிளான்ஷும்தான்’னு. ‘என்ன அடக்கம், என்ன அடக்கம்’னு எழுந்து நின்னு கை தட்டுனாங்க. அடுத்த வருஷம் கூட்டம் ரெண்டு மடங்கு.”

மங்கையர்க்கரசி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அன்று இரண்டாவது காபியில் சர்க்கரை தாராளமாக இருந்தது.

மதாம் கிளம்பும்போது கலியபெருமாள் வாசல்வரை போனார். மனதில் இருந்ததை அவரால் அடக்க முடியவில்லை.

“மதாம், நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. உங்க இடத்துல நிக்கலாமா, வேணாமா?”

“சனிக்கிழமை விழாவுல வாசிங்க. அதுக்கப்புறம் சொல்றேன்.”

சனிக்கிழமை வந்தது. கடற்கரைக்குப் பின்னால், ஒரு காலத்தில் சரக்குக் கிடங்காக இருந்த கூடம். மேடையில் இடது ஓரத்தில் பேஸ், வலது ஓரத்தில் பியானோ, நடுவில் டிரம்ஸ். கீழே இடது பக்க வரிசைகள் நிரம்பி வழிந்தன. வலது பக்கத்தில் காற்றாடிதான் சுற்றியது. மன்றத்தார் வழக்கம்போல வலது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பியானோ இடைஞ்சல் செய்யாமல் இருக்க அவர்கள் கண்டுபிடித்த வழி அது.

செலின் மதாம் வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். இடது பக்கம் முதல் வரிசையில் அவருக்காகப் பட்டுத்துணி விரித்த நாற்காலி. மதாம் அவர்களைக் கும்பிட்டுவிட்டு, நேராக நடந்து, வலது பக்கம் காலி வரிசையில் பியானோவுக்கு எதிரே தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

“வயசாகுதில்ல, திசை தெரியல பாவம்,” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

வேங்கடபதி மேடை ஓரத்துக்கு வந்தார். கையில் ஒரு பெரிய ரோஜா மாலை, ஜிகினா சுற்றியது. “உங்களுக்குத்தான் டாக்டர். கடைசியில போட்டு அறிவிச்சிடுவோம், இனிமே நீங்கதான்னு. ஒரே ஒரு உபகாரம். இறக்கம் வர்றதுக்கு முன்னாடி எனக்குக் கண்ணைக் காட்டுங்க. நான் கண்ணை மூடிக்கணும்.”

கலியபெருமாள் மாலையைப் பார்த்தார். மதாமைப் பார்த்தார். மதாமோ இவரைப் பார்க்கவே இல்லை. சினிமா ஆரம்பிக்கக் காத்திருக்கும் சிறுமியைப் போலப் பியானோவைப் பார்த்தபடி இருந்தார்.

சின்னச் சின்ன உருப்படிகள் நன்றாகவே போயின. அருளப்பன் இரண்டு தடவை கண்ணால் மெச்சினார். கடைசியில் ‘உப்புக் காற்று’.

பிளான்ஷ் இல்லாததால் பாட்டை ரெனே பியானோவில் எடுத்தார். எழுபதைத் தாண்டியவர். நடக்கும்போது கூன் தெரியும், பியானோ முன்னால் உட்கார்ந்தால் அது எங்கே போகிறதென்று தெரியாது. முதல் அடி முடிந்தது. இரண்டாவது அடி நெருங்கியது. கலியபெருமாளின் விரல் கம்பியின் உச்சிக்குப் போய்த் தயாராக நின்றது. கீழே நாற்பது தலைகளும் முன்னால் சாய்ந்தன. அவர் வேங்கடபதிக்குக் கண்ணைக் காட்டினார். வேங்கடபதி கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் ரெனேவுக்கு என்னவோ தோன்றியது. பாட்டை விட்டுவிட்டு மேலே ஏற ஆரம்பித்தார். எந்த ஒத்திகையிலும் வாசிக்காதது. அவருக்கே அடுத்த படி எதுவென்று தெரியாமல், ஆனால் தயங்காமல், ஏறிக்கொண்டே போனார்.

கலியபெருமாள் அதைக் கேட்டார்.

இப்போது இறக்கத்தை வாசித்தால், ஏணியில் ஏறிக்கொண்டிருப்பவரின் காலடியிலிருந்து ஏணியை உருவுவது போல ஆகிவிடும். வாசிக்காவிட்டால், இத்தனை வருடம் பாடுபட்டுக் கற்றது, நாற்பது பேர் காத்திருப்பது, அந்த மாலை, அந்த இடம், எல்லாமே போய்விடும். நெஞ்சு வலித்தது. நிஜமாகவே வலித்தது.

விரலை உச்சியிலிருந்து எடுத்தார். கீழே வந்து ஒரே ஒரு சுரத்தில் நின்றார். முதல் வகுப்பு முடித்தவன்கூட வாசிக்கக்கூடிய சாதாரணச் சுரம். அதையே அமைதியாக, அழுத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். ஏறுங்க, நான் பிடிச்சுக்கிறேன் என்று ரெனேவிடம் மனதுக்குள் சொன்னார்.

ரெனே ஒரு தடவை திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு ஏறினார் பாருங்கள்! அப்படி ஒரு வாசிப்பை அந்தக் கூடம் கேட்டதில்லை. அருளப்பன் குச்சியை வைத்துவிட்டு, தோலில் விரலால் மட்டும் தடவிக்கொடுத்தார். கலியபெருமாளுக்கு நெஞ்சு வலி எப்போது நின்றதென்று தெரியவில்லை. தான் வாசித்துக்கொண்டிருப்பதே மறந்துபோயிற்று. காது முழுக்க ரெனேதான்.

வேங்கடபதி ஒரு கண்ணைத் திறந்தார். இறக்கம் எங்கே என்று தேடினார். மற்றொரு கண்ணையும் திறந்தார். தலை மெல்ல வலது பக்கம் திரும்பியது. கை அவரையறியாமல் வலது காதுக்குப் போய்ப் பஞ்சை எடுத்தது. பக்கத்தில் இருந்தவரும் எடுத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் நாற்பது முகங்களும் மேடையின் வலது ஓரத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. டாக்டர் சொல்லாமலேயே.

வாசிப்பு நின்றது. அப்புறம் கூரை பெயர்ந்து விழும்போல ஒரு கைதட்டல்.

வேங்கடபதி மாலையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தார். கலியபெருமாள் பழக்கமில்லாத கூச்சத்தோடு கழுத்தைக் கொஞ்சம் நீட்டினார்.

“கொஞ்சம் தள்ளிக்குங்க டாக்டர்,” என்றார் வேங்கடபதி.

அவரைத் தாண்டிப் போய் மாலையை ரெனேவின் கழுத்தில் போட்டார்.

ரெனே பேந்தப் பேந்த விழித்தார். “எனக்கா? எனக்கா?” என்று கேட்டார். ஒரு ரோஜாவைத் தொட்டுப் பார்த்தார். அவரைச் சுற்றி மன்றத்தார் முண்டியடித்தார்கள். “இத்தனை நாளா எங்க சார் ஒளிஞ்சுக்கிட்டு இருந்தீங்க?” என்று ஒருவர் கேட்டார். ஐம்பது வருடமாக அதே மேடையில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி உட்கார்ந்திருந்த மனிதர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கலியபெருமாள் பேஸைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. ஒருவர் மட்டும் வழியில் நிறுத்தி, “டாக்டர், நீங்களும் இன்னிக்கு வாசிச்சீங்கல்ல?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் மேடைக்கு ஓடினார்.

மதாம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கலியபெருமாள் அவர் எதிரே போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“இறக்கத்தை விட்டுட்டேன் மதாம்.”

“ஆமா.”

“உங்க வாசிப்புல ஒண்ணைக்கூட விடக் கூடாதுன்னுதான் இருந்தேன்.”

“செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒத்திகை. ரெனேவுக்குத் தாமதமா வந்தா பிடிக்காது. கிளினிக்கை முன்னாடியே மூடிட்டு வந்துடுங்க.”

கலியபெருமாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நம்ப முடியவில்லை.

“நானா மதாம்? எப்படி? நம்ம ஆளுங்கள்ல ஒருத்தர்கூட என்னைக் கேக்கல. எனக்குன்னு கொண்டு வந்த மாலையைக்கூட ரெனே கழுத்துல போட்டுட்டாங்க.”

மதாம் மேடையைப் பார்த்தார். அவருடைய கண் நிறைந்திருந்தது. வாயெல்லாம் சிரிப்பாக இருந்தது.

“அந்த மாலையை அவர் கழுத்துல கொண்டுபோய்ச் சேக்கத்தான் டாக்டர் நான் ஐம்பது வருஷமா வாசிச்சேன். ஒவ்வொரு தடவையும் அது வழி தவறி எங்கிட்டயே வந்துடும்.”